இடது கையைக் காணோம்

சிவாஜிநகர் பஸ் நிலையத்திலிருந்து கறிக்கடைகளைத் தாண்டி, துணிக்கடைகளையும் தாண்டி உள்ளே போனால் ஒரு குறுகலான மாடிப்படி வரும். அதில் ஏறினால் ஜாபர் பாயின் ஸ்பீக்கர் கடை. அன்று சனிக்கிழமை, காலை பத்தரை மணி. கடை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே மேஜைமேல் இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகள். பார்ப்பதற்கு அழகே இல்லாத பெட்டிகள்.

நான் கொண்டுபோன சிடியை ஜாபர் போட்டார். மிருதங்கம். முதலில் வலது பக்கம் கணீரென்று நாலு சொல். பிறகு இடது பக்கம்.

எனக்கு வியர்த்தது. மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"என்ன சார், பிடிக்கலையா? நக்கோன்னா சொல்லுங்க, வேற ஜோடி வைக்கிறேன்" என்றார் ஜாபர்.

"இல்ல பாய். திரும்பப் போடுங்க."

இரண்டாம் முறையும் அதே சத்தம் வந்தது. கனமாக, உருண்டையாக, முடிகிற இடத்தில் சரியாக முடிகிற சத்தம். இரண்டு மாதமாக நான் ஓடிக்கொண்டிருந்தது இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

என்னவென்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேஸ் பித்து

நான் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்ததைப் போன அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். மல்லேஸ்வரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில், மாடியில் வாடகை வீடு. பத்துக்குப் பத்து அறை ஒன்றில் கம்ப்யூட்டர், ஒரு சவுண்ட் கார்டு, இரண்டு மைக். கதவில் பழைய மெத்தையை ஆணி வைத்து அடித்திருந்தேன். அதற்குப் பெயர் ஸ்டூடியோ.

பதிவு செய்ததைக் கேட்டுச் சரிசெய்ய என்னிடம் இருந்தது, கல்யாணத்துக்கு வந்த ஒரு மியூசிக் சிஸ்டத்தின் ஸ்பீக்கர்கள்தான். முன்பக்கம் வெள்ளி வளையம், பெரிய ஓட்டை, பேஸை, அதாவது கீழ்ச் சத்தத்தை, கூட்டுவதற்கென்றே ஒரு பொத்தான்.

அந்த வருடங்களில் இந்த ஊருக்கே பேஸ் பித்துப் பிடித்திருந்தது. ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் பெட்டி வைத்து, உட்கார்ந்தால் முதுகெலும்பு அதிரும்படி பாட்டுப் போடுவார்கள். கடைக்காரர்கள் டேப் ரெக்கார்டரை விற்கும்போது பாட்டைப் போட்டுக் காட்ட மாட்டார்கள், அந்தப் பொத்தானை அழுத்தித்தான் காட்டுவார்கள். "தும்" என்றால் நல்ல செட். நானும் அப்படித்தான் நம்பினேன்.

வீட்டில் கேட்பதற்காகச் செய்த ஸ்பீக்கர் கேட்கிறவரைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கும். உள்ளே இல்லாத பேஸையும் சேர்த்துக் கொடுக்கும். ஒலிப்பதிவுக்கென்று செய்த ஸ்பீக்கர் இருப்பதை இருக்கிறபடி சொல்லும். மானிட்டர் என்பார்கள். இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியாது. தெரியாதது தப்பில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தப்பு.

சரளா

சரளா எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தார். என் வயதுதான். வங்கியில் வேலை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடனப் பள்ளிகளுக்கு மிருதங்கம் வாசிப்பார். அரங்கேற்றம் என்றால் மல்லேஸ்வரத்தில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காகவே வங்கியில் இரண்டு தடவை வந்த பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர். உயர்வு என்றால் வெளியூர் மாற்றல். வெளியூரில் யாருக்கு வாசிப்பது?

ஒரு மழை நாளில் ஸ்கூட்டர் வேகத்தடையில் ஏறிச் சறுக்கி, இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. பிறகு பல மாதம் பயிற்சி.

மிருதங்கத்தில் இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அதன் நடுவில் ரவையைக் குழைத்து அப்பிக்கொண்டு வாசிப்பார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தித் தள்ளினால் சத்தம் வளைந்து மேலே எழும்பும். அதற்கு மணிக்கட்டு வேண்டும்.

கை சரியான பிறகு அவர் செய்த முதல் பதிவு என் அறையில்தான். கனடாவில் நடனப் பள்ளி நடத்தும் ஓர் அம்மாள் இரண்டு மாதச் சுற்றுப்பயணத்துக்கு மிருதங்கக்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். மாதிரிக்கு ஒரு சிடி கேட்டிருந்தார்.

சரளா இருபது நிமிடம் தனியாக வாசித்தார். முடித்துவிட்டு இடது கையை மடியில் வைத்துக்கொண்டு, "பரவாயில்ல, திரும்பி வந்துடுச்சு" என்றார். என்னிடம் சொன்னாரா, கையிடம் சொன்னாரா தெரியவில்லை.

அடுத்த நாள் நான் உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். என் ஸ்பீக்கரில் தொப்பி அறையே அதிர இடித்தது. இரண்டு ஸ்பீக்கரும் மூலையில், சுவரை ஒட்டி, இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தன. அது வேறு கீழ்ச் சத்தத்தைப் பெருக்கியது. நான் கீழ்ச் சத்தத்தைக் குறைத்தேன். மறுபடி குறைத்தேன். என் காதுக்கு அழகாக வரும்வரை குறைத்தேன்.

சரளா வந்து அதே அறையில், அதே ஸ்பீக்கரில் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றார். சிடியைக் கையோடு கூரியரில் போட்டார்.

என் மனைவி கௌரி பள்ளிக்கூட டீச்சர். சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள். அந்த வாரம் சமையலறையில் இருந்த சின்ன செட்டில் ஒரு பிரதியைப் போட்டுக் கேட்டுவிட்டு, "என்னங்க இது, சரளா ஒத்தைக் கையால வாசிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"அந்த டப்பா செட்டுல அப்படித்தான் கேக்கும்" என்றேன்.

பதில் வந்தது

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான மின்னஞ்சல். வலது கை அருமை, கணக்குச் சுத்தம், ஆனால் தொப்பி கேட்கவே இல்லை, இடது கையில் பலம் போதவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

சரளா எங்கள் வீட்டுக்கு வந்து, நின்றபடியே இதைச் சொன்னார்.

"அண்ணன் வீட்டுல சிடியைப் போட்டுக் கேட்டேன். அவங்க சொல்றது சரிதான். வாசிக்கும்போது எனக்குத் தெரியல. கை வந்துடுச்சுன்னு நானே நெனச்சுக்கிட்டேன் போல."

கௌரி என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒருவேளை தப்பு என் பக்கமாக இருக்கும், கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரே வரி. சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு காரணம் கொடுத்துக்கொண்டேன். நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த மாதத்திலேயே சரளா இரண்டு அரங்கேற்றங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைகள்

அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. காலையில் காபி குடித்ததும் கிளம்பிவிடுவேன். கண்டோன்மென்ட் பக்கம் பெரிய கடைகள், பேட்டைச் சந்துகளில் உதிரி பாகம் விற்கிறவர்கள், வீட்டைக் காலி செய்கிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், சர்ச் பாடகர் குழுவுக்கு மைக் செட் வைக்கிறவர் என்று எங்கெங்கோ போனேன். ஒரு தடவை யாரோ சொன்னார்கள் என்று ஆனேக்கல் வரைக்கும் பஸ்ஸில் போய், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எங்கேயும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. ஒரு கடையில் எட்டு அங்குலக் கூம்பு வைத்த பெட்டியைப் போட்டார்கள். தரை அதிர்ந்தது. கடைக்காரர் பெருமையோடு என்னைப் பார்த்தார். என் பத்தடி அறையில் அதை வைத்தால் பழைய கதைதான். இன்னொரு கடையில் ஒரு ஜோடியில் பேஸ் கிதார் ஸ்வரங்களை வரிசையாகப் போடச் சொன்னேன். ஒரு ஸ்வரம் மலை மாதிரி வந்தது, அடுத்தது காணாமல் போனது, அதற்கடுத்தது மறுபடி மலை. எல்லா ஸ்வரமும் ஒரே உயரத்தில் வர வேண்டும். அதற்குள் நான் அவ்வளவு படித்துவிட்டிருந்தேன்.

படித்தது நிஜம்தான், ஆனால் என் அவசரம் வேறு. ஸ்பீக்கர் கிடைக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தவித்தேன். கிடைத்துவிடக் கூடாது என்றும் உள்ளே ஒரு பக்கம் இருந்தது. ஆபீசில் மீட்டிங்கில் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருக்கிறேன் என்று மேனேஜர் சொன்னார். வலது கையால் தட்டுகிறேனா, இடது கையால் தட்டுகிறேனா என்று கவனித்தேன்.

தெருவில் சரளா எதிரே வந்தால் அடுத்த குறுக்குத் தெருவில் திரும்பிவிடுவேன்.

ஜாபர் கடையில்

ஜாபரிடம் மூன்று ஜோடி இருந்தன. அவருக்கு என் வயது, என்னைவிட அவசரக்காரர். ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த ஸ்பீக்கரை இணைத்துவிடுவார்.

முதல் இரண்டையும் கேட்டுத் தள்ளினேன். மூன்றாவதுதான் அந்தச் சாம்பல் பெட்டி. ஐந்தரை அங்குலம். மூடிவிட்டுச் சாமான்களை விற்கிற ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது என்றார்.

"இதுல 'தும்' இல்ல சார். எல்லாரும் குண்டா சத்தம் கேக்குறாங்க, நீங்க மட்டும்தான் வேணாம்ன்றீங்க. சும்னே ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

என் சிடியில் இரண்டு பதிவு இருந்தன. முதலாவது, சரளா வாசித்தது வாசித்தபடி, நான் கை வைப்பதற்கு முந்தியது. இரண்டாவது, கனடாவுக்குப் போனது.

முதலாவதில் தொப்பி வந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். ஆழமாக இறங்கவில்லை, அந்தச் சின்னப் பெட்டியால் அவ்வளவு இறங்க முடியாது. ஆனால் இறங்கியவரையில் பொய் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் ஆரம்பம் இருந்தது, முடிவு இருந்தது. உள்ளங்கை தோலில் தேய்கிறது கூடக் கேட்டது.

"அடுத்ததைப் போடுங்க பாய்."

இரண்டாவது ஆரம்பித்தது. வலது கை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் யாரோ தூரத்தில் அட்டைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருந்தது.

ஜாபர் என்னையும் ஸ்பீக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வேற ஆளா சார்?"

"இல்ல பாய். ஒரே ஆள்தான்."

அந்தப் பெட்டிகளை ஆட்டோவில் மடியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் பேஸைக் கூட்டி ஒரு கன்னடப் பாட்டைப் போட்டிருந்தார். குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் எட்டு நாள்

நேராகச் சரளா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கடையில் கேட்டதைக் கௌரியிடம் மட்டும் சொன்னேன்.

புது ஸ்பீக்கரைப் பழைய மூலையில் வைத்ததும் மறுபடி சத்தம் இடித்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். அப்படியென்றால் ஜாபர் கடையில் கேட்டது தப்பாக இருக்கலாம் அல்லவா? பிறகு பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். சரியானது. பீரோவை அடுத்த அறைக்குத் தள்ளினேன். இன்னும் சரியானது. நாற்காலியை அறையின் சரிபாதியில் போட்டால் பேஸ் காணாமல் போகிறது, கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் திரும்பி வருகிறது. தினமும் ஆபீஸ் விட்டு வந்து நகர்த்தினேன். அளந்தேன். மறுபடி நகர்த்தினேன்.

கீழ்வீட்டு ஓனர் படியேறி வந்து, "ஏன்ரீ, மனே காலி மாடுத்தீரா?" என்று கேட்டார். வீட்டைக் காலி செய்கிறோம் என்றே நினைத்துவிட்டார். கௌரிதான் அவரிடம் கன்னடத்தில் சமாதானம் சொல்லி அனுப்பினாள்.

அவர் இறங்கிப் போனதும் என்னிடம் திரும்பினாள்.

"இந்தப் பொட்டியை இன்னும் எத்தனை நாளைக்கு நகர்த்துவீங்க?"

"பொசிஷன் சரியா வரணும்ல."

"அது ஜாபர் கடையிலேயே வந்துடுச்சு. உங்களுக்குத்தான் இன்னும் வரல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்துவிட்டுப் போனேன்.

சரளா கூடத்தில் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொன்னேன். ஸ்பீக்கர், மூலை, பீரோ, நான் குறைத்தது, கௌரி சமையலறையில் சொன்னது, எல்லாவற்றையும். உங்கள் கைக்கு ஒன்றுமில்லை, நான்தான் அழித்தேன் என்று கடைசியில் சொன்னேன்.

அவர் ஒரு புடவையை மடித்து முடித்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஸ்பீக்கர் வாங்கின அன்னைக்கு. எட்டு நாள் ஆச்சு."

"அது தெரிஞ்சது. சந்தேகம் எப்ப வந்துச்சு?"

"நீங்க மெயில் வந்ததுன்னு சொன்ன அன்னைக்கு."

"ரெண்டு மாசம்."

"ஆமா."

"இந்த ரெண்டு மாசமும் நான் தினம் சாயங்காலம் கையை வெந்நீர்ல விட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், தயாளன்." குரல் உயரவே இல்லை. "போன புதன்கிழமை புரமோஷனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டேன். தாவணகெரெ. வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துடுச்சு."

புதன்கிழமை மாலை நான் நாற்காலியை ஓரடி முன்னால் நகர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"வாபஸ் வாங்க முடியாதா?"

"மூணாவது தடவை அவங்க ஒத்துக்க மாட்டாங்க." எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "வாங்க. கேக்கணும்."

இரண்டு இடம்

மூன்று தெருவும் அவர் முன்னால் நடந்தார். அறைக்குள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். கை வைக்காத பதிவைப் போட்டேன். இருபது நிமிடமும் அசையாமல் கேட்டார். இடையில் ஒருமுறை கண்ணை மூடினார். நான் கதவோரம் நின்றேன்.

முடிந்ததும், "ஒம்பதாவது நிமிஷத்துக்குப் போங்க" என்றார்.

போனேன்.

"இங்க தொப்பி பின்தங்குது. கேக்குதா? அப்புறம் கடைசி கோர்வைக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு, அங்க கை அழுத்தல."

எனக்குக் கேட்டது. பழைய ஸ்பீக்கரில் இதுவும் கேட்டிருக்காது.

"இந்த ரெண்டு இடமும் என்னோடது" என்றார். "மீதி எல்லாம் உங்களோடது."

அன்றே கனடாவுக்கு நான் ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். தப்பு ஒலிப்பதிவில், கலைஞரிடம் இல்லை என்று எழுதி, புதுப் பதிவையும் அனுப்புவதாகச் சொன்னேன். வேறு ஒருவரை முடிவு செய்து டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, வருந்துகிறேன் என்று பதில் வந்தது. அந்தப் பயணம் போனது போனதுதான். தாவணகெரெயில் சரளா மூன்று வருடம் இருந்தார். அங்கேயும் நடனம் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சரைக் கண்டுபிடித்து வாரம் இரண்டு நாள் வாசித்தார் என்று கௌரிக்கு வந்த கடிதங்களிலிருந்து தெரிந்தது. எனக்கு அவர் கடிதம் எழுதியதில்லை. கௌரிக்கு எழுதுவதில் கடைசி வரியில் 'தயாளனையும் கேட்டதாகச் சொல்லவும்' என்று ஒரு வருடம் கழித்து வர ஆரம்பித்தது.

ஆனால் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, நான் கூப்பிடாமலே, மிருதங்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த இருபது நிமிடத்தையும் மறுபடி வாசித்தார். ஜன்னலை அடைத்து, விசிறியை நிறுத்தியிருந்தோம். ரவிக்கை முதுகு முழுக்க வியர்வை. ஒன்பதாவது நிமிடம் வந்தபோது நான் தலையைத் தூக்கவில்லை.

வாசித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. ரவையை வழித்துத் துடைத்துவிட்டு, என்னை எழுந்திருக்கச் சொல்லி, என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எதை அமுக்கணும்?"

காட்டினேன்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கௌரி கூடத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், என்ன என்று கேட்கவில்லை. பக்கத்தில் நின்றேன். மெத்தை அடித்த கதவு வலது கையின் சத்தத்தையெல்லாம் உள்ளேயே நிறுத்திவிட்டது. கீழ்ச் சத்தத்தை அதனால் நிறுத்த முடியாது. இருபது நிமிடமும் அந்தக் கதவு வழியாக எனக்கு அவருடைய இடது கை மட்டும்தான் கேட்டது.